எங்கள் குடும்பம் (வாட்ஸ்அப் குழு): கயல்விழியின் சென்னைப் பயணம்

[ஞாயிறு, மாலை 6:10] கயல்விழி: அனைவருக்கும் வணக்கம். சென்னை கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்தில் வியாழக்கிழமை காலை 10:30 மணிக்கு எனக்கு நேர்காணல் இருக்கிறது. சென்ற மாதம் கோயம்புத்தூருக்குப் போய்வந்ததில் 2,300 ரூபாய் செலவானதால், அப்பாவிடம் மீண்டும் பணம் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் புதன் இரவுக்குக் காத்திருப்புப் பட்டியல் 48 என்று காட்டுகிறது. ஆம்னிப் பேருந்தில் 1,100 ரூபாய் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

[6:24] பெரியப்பா: பேருந்து வேண்டாம் அம்மா. 2023 டிசம்பர் இறுதியில் சென்னைப் புறநகரில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சென்ற ஆண்டு விடிகாலை நாலரை மணிக்கு அங்கே இறங்கிய நான், நேரமாகிவிடுமோ என்ற பதற்றத்தில் கிண்டிக்கு ஆட்டோ பிடித்து 600 ரூபாய் கொடுத்தேன்; நெல்லையிலிருந்து அரசுப் பேருந்தில் வந்ததற்கே ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகியிருந்தது. ஊரிலிருந்து சென்னை வரை ஆகும் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறோம், இறங்கிய இடத்திலிருந்து அலுவலக வாசல் வரை ஆகும் செலவை மறந்துவிடுகிறோம்.

[6:31] சித்தி (தாம்பரம்): பெரியப்பா சொல்வது உண்மை. கயல், நீ எழும்பூர் வரை போகவே வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி நம் வீட்டுக்கு வந்து, குளித்து, உடையை இஸ்திரி போட்டுக்கொண்டு, எட்டரை மணிக்கு மின்சார ரயில் ஏறினால் கிண்டிக்கு அரை மணி நேரம் போதும், கட்டணம் 10 ரூபாய்க்கு மேல் ஆகாது. மாநகரப் பேருந்திலும் சாதாரணக் கட்டணப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை.

[6:40] முருகன் மாமா: காத்திருப்புப் பட்டியலை நம்பிப் பணம் கட்டாதே. ரயில் கிளம்பும் முன் பயணிகள் பட்டியல் தயாராகும்போதும் இடம் கிடைக்காவிட்டால் இணையத்தில் எடுத்த சீட்டு தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. கடைசி நேர முன்பதிவான தட்கல் என்றால் செவ்வாய் காலை 11 மணிக்குப் படுக்கை வகுப்புக்குத் திறக்கும். ரயில் முன்பதிவுத் தளமான ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்திருந்தால்தான் இப்போது இணையத்தில் தட்கல் எடுக்க முடியும் என்பதால், அதை இன்றே முடித்துவிடு. ஆனால் தட்கலில் உறுதியான சீட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பதையும், படுக்கைக் கட்டணத்தின் மேல் 100 முதல் 200 ரூபாய் வரை கூடும் என்பதையும் நினைவில் வை.

[6:43] முருகன் மாமா: அதற்கு முன்னால் ஒன்றைப் பார். முன்பதிவுப் பக்கத்தில் பொது ஒதுக்கீட்டை மாற்றி 'லேடீஸ்' என்று தேர்ந்தெடு. நெடுந்தூர விரைவு ரயில்களின் படுக்கை வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். தனியாகப் போகும் பெண் எந்த வயதினராக இருந்தாலும் எடுக்கலாம். பலருக்கு இது தெரியாததால் சில நாட்களில் அவை காலியாகவே கிடக்கும்.

[6:52] பெரியப்பா: இன்னொரு முக்கியமான செய்தி. பயணச் செலவைத் தருவார்களா என்று அந்த நிறுவனத்துக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேள், இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் இளவயதில் ஒரு நேர்காணலுக்குப் பேருந்தில் போயிருந்தேன்; அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் 'இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம், சீட்டின் நகலுடன்' என்று இருந்ததை வாசிக்காததால், பேருந்துச் சீட்டை நீட்டியபோது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை, இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால் கேள்வி கேட்கும்போதே எந்த வகுப்பு, எந்தச் சீட்டு என்பதையும் கேட்டுவிடு.

[7:05] முருகன் மாமா: திரும்பி வர தாம்பரம்–நாகர்கோவில் அந்தியோதயாவைப் பார்க்கலாம். முழுக்க முன்பதிவில்லாத ரயில் என்பதால் படுக்கைக் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதிதான் ஆகும்.

[7:07] அம்மா: அண்ணா, இரவு முழுவதும் இடம் பிடித்து உட்கார்ந்து வரும் பயணத்துக்கு நான் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன். 200 ரூபாய் மிச்சமாவதைவிட அவள் பத்திரமாக வந்து சேர்வது எனக்குப் பெரிது. நம் செந்தில் போகும்போது அதில் போகட்டும்.

[7:12] சித்தி (தாம்பரம்): அக்கா சொல்வதுதான் சரி. அன்றைக்கே இரண்டாம் சுற்று வைத்து மாலை வரை உட்கார வைத்தாலும் வைப்பார்கள், அதனால் வியாழன் இரவுக்குச் சீட்டு எடுக்கவே வேண்டாம். இரவு இங்கேயே தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பட்டும்.

[7:48] கயல்விழி: மாமா, பெண்கள் ஒதுக்கீட்டில் இரண்டு இடங்கள் இருந்தன! புதன் இரவுக்கு எனக்கு எஸ்5 பெட்டியில் கீழ்ப்படுக்கை உறுதியாகிவிட்டது, 400 ரூபாய் அளவில்தான் ஆனது. வெள்ளிக்கிழமைக்கும் அதே ஒதுக்கீட்டில் எடுத்துவிட்டேன். பெரியப்பா, நீங்கள் சொன்னபடியே நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன்.

[7:55] அம்மா: மிளகாய்ப்பொடி தடவி எட்டு இட்லி கட்டித் தருகிறேன், ரயிலில் எதையும் வாங்காதே.

[திங்கள், காலை 11:20] கயல்விழி: பதில் வந்துவிட்டது பெரியப்பா. படுக்கை வகுப்புக் கட்டணத்தை இரு வழிக்கும் தருவார்களாம். சீட்டின் நகலையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

[11:26] பெரியப்பா: மிகவும் மகிழ்ச்சி அம்மா. இரண்டையும் இன்றே நகலெடுத்து, சான்றிதழ்கள் உள்ள கோப்பிலேயே வைத்துவிடு.

[11:31] சித்தி (தாம்பரம்): செங்கல்பட்டைத் தாண்டியதும் ஓர் அழைப்பு கொடு கயல், சித்தப்பா வண்டியோடு நிலையத்துக்கு வந்துவிடுவார்.