சுற்றுச்சூழல் அறிவியல் முடித்தபின் ஆராய்ச்சியா, கொள்கை வேலையா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரிப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி செமஸ்டர். வீடு கோத்தகிரி பக்கம், அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. எங்கள் ஊருக்குத் தண்ணீர் தருகிற ஊற்று மாசி மாதத்திலேயே மெலிந்துவிடுகிறது, பக்கத்துச் சதுப்பில் மண்ணைக் கொட்டி ரிசார்ட்டுக்கு வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டார்கள், இதையெல்லாம் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். பேராசிரியர் பிஎச்டி சேரச் சொல்கிறார். சீனியர் அக்கா ஒருவரோ, நீ எழுதுகிற பேப்பரை இன்னொரு ஆராய்ச்சியாளர்தான் படிப்பார், அரசு முடிவெடுக்கிற இடத்துக்குப் போ என்கிறார். வீட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வு எழுது என்று ஒரே பேச்சு. ஆராய்ச்சியும் கொள்கையும் சேர்ந்த வேலை என்று உண்மையில் ஒன்று இருக்கிறதா? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டி மழைமானி:
மண், நீர் ஆய்விலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சீனியர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா.

ஊட்டி பக்கத்துக் கிளன்மார்கனில் நடந்த ஆய்வைப் படித்திருப்பீர்கள், இல்லையென்றால் உடனே தேடிப் படியுங்கள். ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் செய்தது. அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை, அதாவது மழைநீர் ஒரு ஓடைக்கு வடிகிற நிலப்பகுதிகளை, எடுத்துக்கொண்டு, 1968-லிருந்து முதலில் சும்மா அளந்துகொண்டே இருந்தார்கள், இரண்டும் மழைக்கு எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்துகொள்ள. அப்புறம் 1972-ல் ஒன்றைச் சோலைக்காடும் புல்வெளியுமாக அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். நட்டதிலிருந்து வெட்டும் வரையான முதல் பத்து வருடச் சுழற்சியில் ஓடைக்கு வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. முதல் சுழற்சியின் முடிவு 1988-ல்தான் பேப்பராக வந்தது. யோசித்துப் பாருங்கள், அளக்க ஆரம்பித்ததிலிருந்து இருபது வருடம்! மரம் வைத்தால் மழை வரும், தண்ணீர் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், புல்லைப் பிடுங்கி மரம் வைத்தால் ஓடை வற்றும் என்று சொல்ல அந்த எண் ஒன்றுதான் கையில் இருந்தது. இன்றைக்கும் கற்பூர மரத்தையும் சீகை (வாட்டில்) மரத்தையும் பற்றி அதிகாரிகளிடம் பேசப்போனால் நான் அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.

பிஎச்டி சேருங்கள். ஆனால் மூன்று வருடத்தில் முடிகிற தலைப்பு என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள். உங்கள் ஊற்றையே எடுங்கள்.

வட்டக்கானல் வாசி:
கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1973-க்கும் 2014-க்கும் நடுவில் பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. புல்வெளி குறைந்தது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு, எந்தச் சரிவில், எந்த மரம் வந்து மூடியது என்று வரைபடமாக மேசையில் வைத்தால் வனத்துறைக் கூட்டத்தில் பேச்சே வேறு மாதிரி போகும். 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அதற்குள் என்ன எழுதுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் அல்லவா, அந்த நாற்காலியில் களம் தெரிந்தவர் இருப்பதும் இல்லாததும் மலைக்குப் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று எங்கள் ஊர்ப் பாதரசம். பாதரசக் கழிவால் மண்ணைக் கெடுத்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்ய வைத்த இலக்கு, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது. கீழே பாம்பார் சோலைக்காடு இருக்கும்போது இந்த அளவு போதாது என்று ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் வருடக்கணக்காகக் கேட்டார்கள். ஒரு எண்ணை எங்கே வைப்பது என்பதுதான் கொள்கை. அதைக் கேள்வி கேட்க வேதியியலும் தெரிய வேண்டும், மக்களோடு உட்கார்ந்து தமிழில் விளக்கவும் தெரிய வேண்டும்.

கோட்டைப்பக்கம்:
சென்னையில் அரசுத் திட்டங்களில் சில வருடம் வேலை பார்த்தேன், சொந்த ஊர் குன்னூர். ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், கோப்பு நகர்கிற நேரம். நீங்கள் நூறு பக்கம் கொடுத்தால் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நீதிமன்றம் கேட்ட வாரத்தில் இரண்டு பக்கம் தெளிவாகக் கொடுத்தால் அது அரசாணையில் வரியாக வந்து நிற்கும். மலைக்கு வரும் வண்டிகளுக்கான ஆன்லைன் அனுமதியான இ-பாஸையே பாருங்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது, 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராய ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூரையும் கேட்டார்கள். தண்ணீர், குப்பை, சாலை எல்லாவற்றுக்கும் நம்பகமான பழைய பதிவுகள் இருந்தால்தான் அந்த மாதிரிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

சூழலியலாளர் மாதவ் காட்கிலின் வாழ்க்கையைப் படியுங்கள். கணித சூழலியலில் ஹார்வர்டு பட்டம், பெங்களூர் ஐஐஎஸ்சியில் வேலை, 1986-ல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் பங்கு, அப்புறம் மத்திய அரசு அமைத்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழுவின் தலைவர். 2011 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நீதிமன்றம் வரை போனபிறகு 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. எனக்கு அதில் பிடித்தது, எந்த இடத்தைப் பாதுகாப்பது என்பதைக் கிராம சபைகள் வரை கொண்டுபோய்ப் பேசச் சொன்னதுதான். அறிக்கை எழுதினால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்றப் பத்து வருடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அங்கே பார்க்கலாம்.

கோத்தகிரிப் பெண்:
ரொம்ப நன்றி. ஒரே ஒரு கேள்வி, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பிஎச்டி என்றால் ஐந்தாறு வருடம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

கோட்டைப்பக்கம்:
இதில் கூச்சம் எதற்கு? நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. யுஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. ஜேஆர்எஃப் இல்லாமல் சேர்ந்தால் கஷ்டம், அதனால் முதலில் அதை எழுதுங்கள். முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப்பையும் பாருங்கள், மாவட்டத்திலேயே ஆட்சியர் அலுவலகத்தோடு வேலை, பிஎச்டிக்கு முன் அரசு எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்க்கலாம். வாரியத் தேர்வையும் ஒதுக்கிவிடாதீர்கள். வாரியத்தில் மலை தெரிந்தவர்கள் வேண்டும்.

ஊட்டி மழைமானி:
சேர்க்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊற்றில் ஒரு குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறியுங்கள், பக்கத்தில் ஒரு மழைமானி வையுங்கள், எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள். சதுப்பு நிலத்தின் சர்வே எண்ணை விஏஓவிடம் கேட்டு, வருவாய்ப் பதிவேட்டில் என்ன வகையாக இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆரம்பித்தால் அடுத்த மாசியில் ஊற்று மெலிவது வரைக்குமான பதிவு கையில் இருக்கும். அட்டவணை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், என்னிடம் இருக்கிற மாதிரியை அனுப்புகிறேன்.