முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மதுரை டு கன்னியாகுமரி: பழைய சைக்கிள்ல மோட்டார் மாட்டலாமா?

வைகைக்கரை:

வணக்கம் மக்களே. 2019ல 200, 300, 400, 600 கி.மீ.ன்னு நாலு பிஆர்எம்மையும் (கெடு நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய தொலைதூர சைக்கிள் பயணம்) ஒரே சீசன்ல முடிச்சவன் நான், அந்த 600ஐ 40 மணி நேர கெடுவுக்கு 50 நிமிஷம் முன்னாடி முடிச்சு ரோட்டோரமா உக்காந்து அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு. 2023ல பிரான்ஸ்ல நடந்த பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணம் போயிடணும்னு மனசுல இருந்துச்சு, 1200 கி.மீ., 90 மணி நேரம், ஆனா அதுக்குள்ள வலது முட்டில ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆயிடுச்சு. டாக்டர் சைக்கிள் ஓட்டுங்க நல்லதுதான், ஆனா அழுத்தி மிதிக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. வயசு 51 ஆச்சு. சும்மா உக்கார முடியல.

அதனால என்கிட்ட இருக்கிற பழைய ஸ்டீல் ஃப்ரேம் சைக்கிள்ல ஒரு மோட்டார் மாட்டி மதுரைல இருந்து கன்னியாகுமரி போலாம்னு இருக்கேன், சுமார் 245 கி.மீ. வரும். சக்கரத்து நடுவுல வர்ற ஹப் மோட்டாரா, பெடல் பக்கம் மாட்டற மிட் டிரைவா? பேட்டரி எவ்வளவு பெருசு வேணும்? 18650ங்கற சின்ன லித்தியம் செல் வாங்கி பேட்டரிய நானே கட்டலாமா? சால்டரிங் தெரியும், ஸ்பாட் வெல்டிங் செஞ்சதில்ல. இன்னொன்னு, மோட்டார் வெச்சு பிஆர்எம் ஓட்ட விடுவாங்களா?

நைட்ரைடர் கோவை:

அண்ணே, கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். விட மாட்டாங்க. பிஆர்எம்ல மனுஷ சக்தி மட்டும்தான், மோட்டாரை ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் ஒத்துக்க மாட்டாங்க. அதை மனசுல இருந்து எடுத்துடுங்க. ஆனா 600 முடிச்ச உங்களுக்கு வழில நேரம் பதியற கன்ட்ரோல் பாயின்டும் கார்டும் இல்லாம தூரம் போகத் தெரியாதா என்ன?

பேட்டரிய பத்தி மத்தவங்க சொல்லுவாங்க, நான் உடம்ப பத்தி மட்டும் சொல்றேன். மோட்டார் இருக்குன்னு நம்மாளுங்க பெரிய கியர்ல மெதுவா மிதிக்க ஆரம்பிச்சிடறாங்க, முட்டிக்கு அதுதான் கேடு. சின்ன கியர் போட்டு நிமிஷத்துக்கு 80, 85 சுத்து விடாம சுத்துங்க, சீட் ஹைட்டையும் ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி ஒருதடவை பார்த்துக்குங்க. சாப்பாட்டயும் பழைய கணக்குலயே வெச்சுக்குங்க, மோட்டார் தள்ளுதுன்னு பசிக்காத மாதிரி இருக்கும், ஆனா நாலு மணி நேரம் கழிச்சு மொத்தமா இறக்கிடும். உங்க ரூட்லதான் கோவில்பட்டி வருதே, கடலைமிட்டாய் வாங்கி பின்பாக்கெட்ல போட்டுக்குங்க, உப்பு போட்ட மோர் கிடைச்ச இடத்துல எல்லாம் குடிங்க.

நிக்கல் பட்டை:

அண்ணே நான் இதுவரைக்கும் நாலு பேட்டரி கட்டியிருக்கேன், அதுல மொதல்ல கட்டுன பேக் சார்ஜ் போடறப்போ கை வைக்க முடியாத அளவுக்கு சூடாயிடுச்சு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மணல் வாளில தூக்கி வெச்சோம். காரணம் செல். ஆன்லைன்ல சீப்பா கிடைச்சுதுன்னு மேல 6000 எம்ஏஹெச்னு போட்டத வாங்கிட்டேன். 18650 சைஸ்ல 4000க்கு மேல எழுதியிருந்தா கண்ணை மூடிட்டு போலின்னு சொல்லலாம். நல்ல செல் 45ல இருந்து 50 கிராம் வெயிட் வரும், 30, 35 கிராம் நின்னா திருப்பி அனுப்பிடுங்க. பழைய லேப்டாப்ல பிரிச்ச செல்லும் வேணாம், ஒவ்வொன்னும் ஒவ்வொரு வயசுல இருக்கும், ஒன்னு சீக்கிரம் சோர்ந்தா கூட இருக்கிறதையும் இழுத்துட்டு போயிடும்.

செல் மேல நேரா சால்டரிங் அயர்ன வெக்காதீங்க, அந்த சூடு உள்ள போய் செல்லை கெடுத்துடும். ஸ்பாட் வெல்டர் வாங்குங்க, இல்லன்னா வெல்டு பண்ணி தர்றவங்ககிட்ட கொடுங்க. நிக்கல் பட்டைன்னு சொல்லி நிக்கல் முலாம் பூசுன இரும்பை விக்கிறாங்க, ஒரு துண்டை கீறி உப்புத்தண்ணில போட்டு வைங்க, துரு புடிச்சா அது இரும்பு.

இப்போ கணக்கு. பத்து செல் சீரிஸ், அஞ்சு பேரலல், செல் 3.5 ஏஹெச்னா 36 வோல்ட் 17.5 ஏஹெச், அதாவது பேட்டரில மொத்தம் 630 வாட் அவர் சக்தி. த்ராட்டில முறுக்கிட்டே போனா கி.மீ.க்கு 15 வாட் அவர் தின்னும், 40 கி.மீ.ல கதை முடிஞ்சுது. நீங்களும் மிதிச்சு 20, 22 ஸ்பீடுல போனா 7, 8ல நிக்கும். ஸ்பீடுதான் எல்லாம்ணே. 20ல இருந்து 25க்கு ஏத்துனா காத்தை கிழிக்க மட்டும் கி.மீ.க்கு ஒன்றரை மடங்கு கரன்ட் போவும். விருதுநகர் சாத்தூர் பக்கமெல்லாம் தட்டை ரோடு, அங்க மோட்டார ஆஃப் பண்ணிட்டு பாலம் ஏறயும் எதிர்காத்துலயும் மட்டும் போட்டா சராசரி 4.5க்கு வந்துடும். அப்போ மொத்த தூரத்துக்கும் சுமார் 1100 வாட் அவர் வேணும். திருநெல்வேலியில மதிய வெயிலுக்கு மூணு மணி நேரம் 5 ஆம்பியர் சார்ஜர போட்டீங்கன்னா 500 ஏறிடும். கணக்கு சரியா வருது, ஆனா இழுபறிதான். ரெண்டு நாளா போறதுதான் என் ஓட்டு.

உங்க ரூட்டுக்கு கியர் உள்ள ஹப் மோட்டார் போதும், ஆஃப்ல இருக்கறப்போ இழுக்காம ஃப்ரீயா சுத்தும். மேட்டுப்பாளையம் டு ஊட்டின்னா மிட் டிரைவ்னு சொல்லியிருப்பேன், அங்க கிட்டத்தட்ட 1900 மீட்டர் ஏத்தம், உங்களையும் சைக்கிளையும் சேத்து 105 கிலோன்னு வெச்சா மேல தூக்க மட்டுமே 540 வாட் அவர் வேணும், அவ்வளவு மெதுவா ஏர்றப்போ ஹப் மோட்டார் சூடாகி கெட்டுடும். மோட்டார் 250 வாட்டுக்குள்ள, ஸ்பீடு 25க்குள்ள வெச்சுக்குங்க, தாண்டுனா லைசென்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன்லாம் கேள்வி வரும். டார்க் ஆர்ம் மறக்காதீங்க, ஆக்சில் சுத்தாம புடிச்சுக்கற இரும்புத்துண்டு அது, இல்லன்னா ஆக்சில் டிராப்அவுட்ல (ஃப்ரேம்ல ஆக்சில் உக்கார்ற பள்ளம்) சுத்தி வயரை பிச்சுடும்.

மேக்கத்திக்காத்து:

நிக்கல் பட்டை தம்பி சொன்னது எல்லாம் சரிதான், ஒன்னே ஒன்னு விட்டுட்டாரு, சென்சார். கிட்டோட வர்ற கேடன்ஸ் சென்சாருக்கு பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும்தான் தெரியும், சுத்துனா மோட்டார் போட்டுத் தள்ளும். டார்க் சென்சார் நீங்க அழுத்துற அளவுக்கு தள்ளும். நெட்டுல எல்லாரும் டார்க் சென்சார்தான் நல்லதும்பாங்க, சாதாரண ஆளுக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா உங்களுக்கு அழுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே சார், சும்மா கால் சுத்துனாலே உதவி வர்ற கேடன்ஸ் சென்சார் போதும், மோட்டார் உதவிய கம்மியா, லெவல் ஒன்னுல வெச்சா பேட்டரியும் ரொம்ப நேரம் வரும்.

எங்க ஊரு வள்ளியூர் பக்கம். ஆடில வராதீங்க. பணகுடி காவல்கிணறு பக்கம் எதுக்கு அத்தனை காத்தாலை நட்டு வெச்சிருக்காங்கன்னு சைக்கிள்ல வந்தாதான் புரியும், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற மேற்கு காத்து, நீங்க தெற்கால போறதால பக்கவாட்டுல அடிக்கும், லாரி தாண்டுற நேரம் சைக்கிள் ஒரு முழம் நகரும். எதிர்காத்துன்னாலாவது மோட்டார் உதவும், பக்கக்காத்துக்கு ஒன்னும் செய்யாது. தை மாசம் வாங்க, வெயிலும் கம்மி. வெயில்ல ஓட்டிட்டு வந்த சூட்டோட பேட்டரிய சார்ஜ்ல போடாதீங்க, அரை மணி நேரமாவது நிழல்ல ஆறட்டும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிக்கல் பட்டை தம்பி, அந்த மணல் வாளி கதைய படிச்சுட்டு வெல்டிங்க தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தை மாசம், ரெண்டு நாள், ராத்திரி திருநெல்வேலியில தங்கல், லெவல் ஒன்னு. பின் டிராப்அவுட் அளந்தேன், 135 மி.மீ. வருது, ஹப் உக்காரும்ல? மேக்கத்திக்காத்து, வள்ளியூர்ல அரை மணி நேரம் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா?

மேக்கத்திக்காத்து:

எங்க வீட்டு வாசல்லயே போட்டுக்கலாம் சார். கருப்பட்டி காப்பியும் உண்டு. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இங்க ஒரு வரி எழுதுங்க.

நிக்கல் பட்டை:

135ல உக்காரும்ணே. செல் வந்ததும் மொதல்ல தராசுல வெச்சு போட்டோ போடுங்க, அம்பதையும்.