கூகுள் ஆட்ஸ் கணக்கில் வெளி ஏஜென்சிக்கு அட்மின் உரிமை தர வேண்டுமா?

கேள்வி

வணக்கம். நான் ஒரு சிறு தொழில் நடத்துகிறேன். எங்கள் கூகுள் ஆட்ஸ் கணக்கை என் சொந்த ஜிமெயில் முகவரியில் தொடங்கினேன். இடையில் பகுதிநேரமாக வேலை பார்த்த ஒருவரும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார். இப்போது விளம்பரங்களைக் கவனிக்க ஒரு ஏஜென்சியை அமர்த்தியிருக்கிறோம். அவர்கள் அட்மின் உரிமை வேண்டும், இல்லாவிட்டால் என் கடவுச்சொல்லையாவது தர வேண்டும் என்கிறார்கள். எங்கள் கணக்காளருக்கு மாதந்தோறும் பில் எடுத்தால் போதும். அலுவலகத்தில் இன்னொருவர் செலவையும் பலனையும் பார்க்க மட்டும் விரும்புகிறார். யாருக்கு எந்த அளவு அனுமதி தருவது முறை? நாளை ஏஜென்சியை மாற்றினாலும் கணக்கு எங்களிடமே இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் 1

கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் தராதீர்கள். அது விளம்பரக் கணக்கை மட்டுமல்ல, உங்கள் அஞ்சல்பெட்டியையும் டிரைவில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே திறந்துவிடும். மேலும், கணக்கின் மாற்ற வரலாற்றில் கடந்த 2 ஆண்டுகளில் யார் எதை மாற்றினார்கள் என்பது அவரவர் மின்னஞ்சல் முகவரியோடு பதிவாகியிருக்கும். எல்லோரும் ஒரே முகவரியில் உள்நுழைந்தால், ஒருநாள் பட்ஜெட் திடீரென ஏறியிருந்தாலும் அதைச் செய்தவர் யார் என்று அந்தப் பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அட்மின், ஸ்டாண்டர்ட், ரீட் ஒன்லி, பில்லிங், ஈமெயில் ஒன்லி என்று 5 நிலைகள் இருக்கின்றன. விளம்பரங்களை உருவாக்குவது, நிறுத்துவது, ஏலத்தொகையையும் (விளம்பர இடத்துக்கு நீங்கள் தரத் தயாராக உள்ள தொகை) பட்ஜெட்டையும் மாற்றுவது ஆகிய அன்றாட வேலைகள் அனைத்துக்கும் ஸ்டாண்டர்ட் போதுமானது. ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அட்மினுக்கு மட்டுமே உள்ள அதிகாரம். அதை வெளியாருக்குக் கொடுத்தால் அவர்கள் உங்களையே நீக்கிவிடவும் முடியும். கணக்காளருக்கு பில்லிங், அலுவலகத்தில் இருப்பவருக்கு ரீட் ஒன்லி என்று அமைத்துவிடுங்கள். ஈமெயில் ஒன்லி நிலையில் இருப்பவருக்கு அறிவிப்புகளும் அறிக்கைகளும் அஞ்சலில் வருமே தவிர, அவரால் கணக்குக்குள் நுழைய முடியாது.

ஆனால் ஏஜென்சியின் ஊழியர்களை ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. பல வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மேனேஜர் கணக்கு ஒன்றை வைத்திருப்பார்கள். பழைய ஆட்கள் அதை எம்சிசி என்றே சொல்வார்கள். உங்கள் கணக்கின் 10 இலக்க வாடிக்கையாளர் எண்ணை மட்டும் கொடுங்கள். அவர்கள் இணைப்புக் கோரிக்கை அனுப்புவார்கள். உங்கள் தரப்பு அட்மின் அதை ஏற்றால் போதும். அவர்களிடம் ஆட்கள் மாறினாலும் அது அவர்களுடைய மேனேஜர் கணக்குக்குள்ளேயே முடிந்துவிடும், உங்கள் பட்டியலைத் தொட வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தால் விளம்பரங்களும் பழைய தரவும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். மேனேஜர் கணக்குக்கு உரிமையாளர் தகுதி கொடுக்கும் வசதியும் உண்டு. அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவர்களால் முடியும் என்பதால், அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பலரும் கவனிக்காமல் விடுவது பணம் செலுத்தும் புரொஃபைல். அதில் சேர்க்கப்பட்டிருப்பவர்களின் பட்டியல் தனியானது. விளம்பரக் கணக்கிலிருந்து ஒருவரை நீக்கினால் அங்கிருந்தும் அவர் நீங்கிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலைத் தனியாகத் திறந்து பாருங்கள். அத்துடன், உங்கள் தரப்பில் குறைந்தது இரண்டு அட்மின்களாவது இருப்பது நல்லது. ஒருவருடைய மின்னஞ்சல் முடங்கினாலும் மற்றவர் வழியாகக் கணக்கை நிர்வகிக்கலாம். இரண்டு பேரும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியிருக்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஏஜென்சியிடம் மேனேஜர் கணக்கு இருக்கிறது, எண்ணைக் கொடுத்துவிட்டேன். பகுதிநேரமாக வேலை பார்த்தவர் இன்னும் பட்டியலில் ஸ்டாண்டர்ட் நிலையில் இருக்கிறார். அவரை நீக்கினால் அவர் அமைத்த விளம்பரங்கள் நின்றுவிடுமா?

பதில் 1

நிற்காது. விளம்பரங்கள் கணக்குக்கு உரியவை, அமைத்த ஆளுக்கு உரியவை அல்ல. ஆனால் அவர் ஏதேனும் ஸ்கிரிப்ட் (கணக்கில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி ஓடவிட்டிருந்தால் அது அவருடைய அனுமதியின் பேரில்தான் இயங்கும். அவரை நீக்கியதும் அது நின்றுவிடும். ஆகவே, முதலில் ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தேவையானவை இருந்தால் உங்கள் முகவரியில் மறுபடியும் அனுமதி கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவரை நீக்குங்கள். கூகுள் அனலிடிக்ஸ், டேக் மேனேஜர், மெர்ச்சன்ட் சென்டர் ஆகிய கூகுளின் மற்ற சேவைகளைப் பயன்படுத்தினால் அவற்றுக்கும் தனித்தனிப் பயனர் பட்டியல்கள் உண்டு. அவர் அவற்றிலும் இருந்தால் ஒவ்வொன்றிலும் சென்று நீக்க வேண்டும்.