பலகையில் பெயர் இல்லாதது ஏன் இப்படி வலிக்கிறது?

டர்பன்வாசி:
தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோவில் அன்னதானத்துக்கு ஐந்து மூட்டை அரிசி கொடுத்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு, மறுநாள் உபயதாரர் பலகையை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன், என் பெயரைத் தேடி. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நான் கொடுத்தது பக்தியா, பெருமையா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தம்பி, அரிசி வெந்து பசித்தவர் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உங்கள் மனசைக் கேட்டுக்கொண்டா அது வெந்தது? கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இதைவிடப் பயம், "எனக்குப் பேரே வேண்டாம்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில்தான். எங்கள் சித்தி அப்படித்தான், பலகையில் பெயர் போட்டவர்களையெல்லாம் மட்டமாகப் பேசுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டே தலைக்கனம் ஏறிவிடுகிறது.

பீனிக்ஸ்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பெயர் எழுதுவதையே குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1860-இல் முதல் கப்பலில் தொடங்கி, இந்தியாவிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்துத்தான் பதிவு செய்தார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் கல்லில் பெயர் வெட்டினால் அது வெறும் பெருமை இல்லை. எங்கள் பாட்டனார் பெயர் ஒரு கோவில் படியில் இருக்கிறது, பாதி எழுத்து தேய்ந்துவிட்டது, இன்றும் அந்தப் படியை மிதிக்காமல் தாண்டித்தான் போவேன்.

டர்பன்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பந்தி முடிந்ததும் அண்டா கழுவ ஆள் வேண்டுமாம், போகிறேன்.