சப்வூஃபரை பிரிட்ஜில் இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் ‘புரொடெக்ட்’ நிலைக்குப் போகிறது: வாட் பொருத்தத்தில் எங்கே பிழை?

கேள்வி

வணக்கம். என் காரில் புதிதாக ஒரு 4 சேனல் ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தியிருக்கிறேன். பெட்டியின் மேல் 1600 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த கையேட்டிலோ ஒரு சேனலுக்கு 4 ஓமில் 75 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்), 2 ஓமில் 110 வாட், இரண்டு சேனல்களை பிரிட்ஜ் செய்தால் (ஒரே ஸ்பீக்கரை இயக்க ஒன்றாகச் சேர்த்தால்) 4 ஓமில் 220 வாட் என்று இருக்கிறது. முன்கதவுகளில் உள்ள ஆறரை அங்குல காம்பொனன்ட் ஸ்பீக்கர்கள் 60 வாட் ஆர்.எம்.எஸ்., உச்சத் திறன் 180 வாட், 4 ஓம். முதல் இரண்டு சேனல்களை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து 250 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும் 10 அங்குல சப்வூஃபரை இணைத்தேன். அதில் 4 ஓம் காயில்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டின் நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்த்திருக்கிறேன்.

ஒலி குறைவாக இருக்கும்போது எல்லாம் சரியாக இயங்குகிறது. பாதிக்கு மேல் கூட்டியதும் சில நொடிகளில் ‘புரொடெக்ட்’ (தற்காப்பு) என்ற சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகி, கூட்டியதும் மறுபடியும் அதே கதை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் வாங்குவதற்கு முன் முன்கதவு ஸ்பீக்கர்களை ஸ்டீரியோவிலேயே நேரடியாக இணைத்திருந்தபோது ஒரு பக்கத்து ட்வீட்டர் (அந்தத் தொகுப்பில் உயர் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) எரிந்துபோயிற்று. ஸ்டீரியோவின் முகப்பில் 4×50 வாட் என்றுதான் இருக்கிறது. 180 வாட் ஸ்பீக்கரை 50 வாட் ஸ்டீரியோ எப்படி எரிக்க முடியும்?

முதல் மறுமொழி

250 வாட் சப்வூஃபருக்கு 220 வாட் போதாது என்பதுதான் காரணம். திறன் குறைந்த ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கரை எரிக்கும். 500 வாட் தரும் தனி மோனோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கிவிடுங்கள். இரண்டு பிரச்சினைகளும் தீரும்.

இரண்டாவது மறுமொழி

மேலே உள்ள யோசனையைப் பின்பற்றிச் செலவு செய்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள், நண்பரே. உங்களிடம் உள்ள கருவிகளில் குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. காயில்களை இணைத்த விதத்தில்தான் பிழை இருக்கிறது.

4 ஓம் காயில்கள் இரண்டை நீங்கள் செய்ததுபோல் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்மறுப்பு (இசை சிக்னலுக்குக் காயில் காட்டும் தடை) 2 ஓம் ஆகிவிடுகிறது. பிரிட்ஜ் செய்த நிலையில் ஒவ்வொரு சேனலும் சுமையின் பாதியைத்தான் காணும் என்பதால், உங்கள் ஆம்ப்ளிஃபையரின் ஒவ்வொரு சேனலும் இப்போது 1 ஓம் சுமையை இயக்கப் பார்க்கிறது. கையேடு ஒரு சேனலுக்கு 2 ஓம் வரைதான் அனுமதிக்கிறது. பிரிட்ஜில் 4 ஓமுக்கு 220 வாட் என்று கொடுத்திருப்பதும் 2 ஓமில் கிடைக்கும் 110 வாட்டின் இரு மடங்குதான். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்வதை உணர்ந்து ஆம்ப்ளிஃபையர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. குறைந்த ஒலியில் அந்த வரம்பு எட்டப்படுவதில்லை, அதனால்தான் அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

சப்வூஃபரின் கம்பிகளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் காட்டுவது காயிலின் நேர்மின்தடையைத்தான். அது குறிப்பிட்ட மின்மறுப்பைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். 4 ஓம் காயில் ஒன்று மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். ஏறக்குறைய 1.8 என்று வந்தால் பக்க இணைப்பு உறுதி. முதல் காயிலின் எதிர்முனையை இரண்டாவதின் நேர்முனையோடு சேர்த்து, மீதமுள்ள இரு முனைகளை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோனால் அது தொடரிணைப்பாகி 8 ஓம் ஆகும்.

ட்வீட்டர் விஷயம் இதைவிடச் சுவையானது. 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் ஸ்டீரியோ, தன்னுள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று ஏதும் இல்லாதவரை, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாத சைன் அலையாகத் தரக்கூடிய மின்னழுத்தம் ஆர்.எம்.எஸ். கணக்கில் 10.2 வோல்ட்டைத் தாண்டாது; அது 26 வாட். சுற்றில் ஏற்படும் இழப்புகளைக் கழித்தால் நடைமுறையில் 20 வாட் அளவுக்குத்தான் கிடைக்கும். அப்படியானால் முகப்பில் உள்ள அந்த 50 எங்கிருந்து வந்தது? 14.4ஐ வர்க்கப்படுத்தி 4 ஆல் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அலையின் மேலும் கீழும் முழுவதுமாக வெட்டுப்பட்டுச் சதுர அலையாக மாறிய பிறகு கிடைக்கும் திறன் அது. இசை கேட்பதற்குப் பயன்படாத நிலையின் எண்ணைத்தான் முகப்பில் பொறிக்கிறார்கள்.

ஸ்டீரியோவை முழு ஒலிக்குத் திருப்பும்போது அந்த வெட்டுப்படுதல், அதாவது கிளிப்பிங், நிகழ்ந்து, மூல இசையில் இல்லாத உயர் அதிர்வெண்கள் உண்டாகின்றன. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து அனுப்பும் கிராஸோவர் அவற்றை நேராக ட்வீட்டருக்கு அனுப்பிவிடுகிறது. 60 வாட் என்பது கிராஸோவரோடு சேர்ந்த முழுத் தொகுப்பின் தாங்குதிறன். ட்வீட்டரின் மெல்லிய காயில் தனியாகத் தாங்குவது அதில் சிறு பங்குதான். எனவே முதல் மறுமொழியில் பாதிதான் சரி. குறைந்த திறன் எந்த ஸ்பீக்கரையும் எரிப்பதில்லை, இல்லையென்றால் மெதுவாகப் பாட்டுக் கேட்பவர்களின் ஸ்பீக்கர்கள் எல்லாம் எரிந்திருக்க வேண்டும். சிறிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளுவதால் ஏற்படும் வெப்பமே எரிக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அளந்தபோது 1.8 ஓம் காட்டியது. தொடரிணைப்புக்கு மாற்றியபின் 7.1 காட்டுகிறது. இப்போது விளக்கு முன்போல உடனே எரிவதில்லை. ஆனால் 8 ஓம் என்றால் 220 வாட் கிடைக்காதே, சப்வூஃபர் சோர்ந்துவிடாதா? கெயினை எவ்வளவு திறக்கலாம்?

இரண்டாவது மறுமொழியாளர்

8 ஓமில் ஒவ்வொரு சேனலும் 4 ஓமைக் காண்பதால் 75இன் இரு மடங்கு, அதாவது 150 வாட் கிடைக்கும். 220 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 1.7 டெசிபல் கூட இல்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலொழியக் காதுக்கு அது எளிதில் புலப்படாது. இருமடங்கு வாட் கொடுத்தாலே 3 டெசிபல்தான் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் வாட் எண்களின் மேல் உள்ள மயக்கம் தெளியும். 250 வாட் தாங்கும் சப்வூஃபருக்குச் சுத்தமான 150 வாட் தாராளம்.

கெயின் என்பது ஒலியைக் கூட்டும் குமிழ் அன்று. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதற்கானது. திறனை மின்மறுப்பால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வைக்க வேண்டிய மின்னழுத்தம் கிடைக்கும். முன்பக்கத்துக்கு 60 வாட், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட், சப்வூஃபருக்கு 150 வாட், 8 ஓம் என்றால் 34.6 வோல்ட். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரைச் சமநிலையிலும் பேஸ் பூஸ்ட்டை அணைத்தும் வைத்து, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்கில் நிறுத்தி, 0 டெசிபலில் பதிவான சைன் அலையை ஒலிக்கச் செய்யுங்கள். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், முன்பக்கத்துக்கு 100 ஹெர்ட்ஸ். சாதாரண மல்டிமீட்டர்களில் பல அதிக அதிர்வெண்களில் ஏசி மின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை, அதனால்தான் 1000 ஹெர்ட்ஸைச் சொல்லவில்லை. அளக்கும்போது முன்பக்கச் சேனல்களின் ஹைபாஸ் ஃபில்டரை (தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது) அணைத்துவிட்டு, முடித்தபின் மறக்காமல் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஆழ்ந்த பேஸை இழுத்துத் திணறாமல் இருக்க அது அவசியம்.

மூன்றாவது மறுமொழி

மின்வழங்கலையும் பாருங்கள். முன்பக்கம், சப்வூஃபர் எல்லாம் சேர்த்து 300 வாட். ஆம்ப்ளிஃபையர் குறைவாகவே வெப்பமாக வீணாக்கும் கிளாஸ் டி வகை என்று 80 சதவீதத் திறமையைக் கணக்கிட்டால் 13.8 வோல்ட்டில் 27 ஆம்பியர் போகும். வெப்பமாக அதிகம் வீணாக்கும் கிளாஸ் ஏபி வகை என்றால் 40ஐ நெருங்கும். பெட்டியில் உள்ள 1600 வாட்டைச் சோதிக்கவும் இதே கணக்குதான். உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் எவ்வளவு?

கேள்வி கேட்டவர்

25 ஆம்பியர் ஃபியூஸ்கள் இரண்டு. 50 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 690 வாட்தான் உள்ளேயே போகிறது. 1600 வெளியே வரவே முடியாது என்று இப்போது புரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன். நீண்ட நேரம் உரக்க வைத்தபோது ஒருமுறை மட்டும் மீண்டும் விளக்கு எரிந்தது. அந்த நேரத்தில் பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்க, ஆம்ப்ளிஃபையர் முனையில் 11.4 வோல்ட்தான் இருந்தது.

மூன்றாவது மறுமொழியாளர்

இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது என்றால் கிரவுண்ட் இணைப்பைத்தான் (எதிர்முனைக் கம்பி காரின் உலோக உடலோடு சேரும் இடம்) முதலில் சந்தேகிப்பேன். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி செய்து, நேர்க்கம்பிக்குச் சமமான தடிமனுள்ள குட்டையான கம்பியை இறுக்கிப் பூட்டுங்கள். பிறகும் இழப்பு இருந்தால் நேர்க்கம்பி செம்பு பூசிய அலுமினியமா என்று பாருங்கள். அதே தடிமனில் அதன் மின்தடை செம்பைவிட அதிகம். பேட்டரிக்கு அருகில், 45 சென்டிமீட்டருக்குள், ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். அது ஆம்ப்ளிஃபையருக்கு அல்ல, கம்பி உரசி ஷார்ட் ஆனால் காரே தீப்பிடிக்காமல் இருப்பதற்கு.

கேள்வி கேட்டவர்

கிரவுண்ட் கம்பி பெயின்ட் பூசிய இருக்கை போல்ட்டில்தான் பூட்டப்பட்டிருந்தது. இடத்தை மாற்றியபின் ஆம்ப்ளிஃபையர் முனையில் 13.4 வோல்ட் நிற்கிறது, விளக்கு எரியவில்லை. எரிந்த ட்வீட்டருக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் 4 ஓம் ட்வீட்டரைப் போடலாமா?

இரண்டாவது மறுமொழியாளர்

அதே தொகுப்பின் ட்வீட்டர் தனியாகக் கிடைத்தால் அதையே போடுங்கள். இப்போதுள்ள கிராஸோவர் அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. வேறு ட்வீட்டர் 4 ஓமாகவே இருந்தாலும், அதன் உணர்திறன் 3 டெசிபல் மாறினால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் கேட்கும். கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.