பாத்ரூம் வாசல் தரைக்கு லேமினேட் பலகை போட்டு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

மார்த்தாண்டம் பக்கம்:
மாடி பெட்ரூம், கூடவே பாத்ரூம். 8 எம்.எம். லேமினேட், ‘ஏசி4, தண்ணி ஒண்ணும் செய்யாது’ன்னு கடையில சொல்லிப் போட்டது. கோடை முழுக்கப் பிரச்சனை இல்ல. இடவப்பாதி மழை பிடிச்சுப் பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பிப் போறேன், பாத்ரூம் வாசல்ல கால் வெச்சதும் பலகை சளக்னு அமுங்கி, இணைப்பு வழியா தண்ணி விரல் இடுக்குல பீச்சுது. அந்தச் சூடில்லாத ஈரம் இப்பவும் காலுல இருக்கு. லைட் போட்டுப் பார்த்தா ஓரமெல்லாம் உதடு மாதிரி தடிச்சு நிக்குது. அம்மா வந்து பார்த்துட்டு, “இது பலகையில்ல மக்களே, ஊறுன ரஸ்க்கு”ன்னா. கடையில கேட்டா, ஏசி4 தேய்மானத்துக்குத்தானாம், தண்ணிக்கு இல்லையாம். அதை விக்கும்போது சொல்ல வாய் வரல. இனி நிஜ மரமே போட்டுடலாமா?

கூடலூர் மலை:
மரம் தாங்கும். எங்க தாத்தா வீட்டுப் பலகைத் தளம் ஆடி மழையெல்லாம் பார்த்தது. தரைக்கும் பலகைக்கும் நடுவுல முழங்கால் உயரம் இடைவெளி, சுவர்ல காத்து போக ஓட்டை. குளிர் காத்து ஏறுதுன்னு அப்பா அந்த ஓட்டைகளைச் செங்கல் வெச்சு அடைச்சார். மூணாவது மழை முடியறதுக்குள்ள, அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்த சித்தப்பா படுத்திருந்த கட்டிலோட ஒரு கால் மட்டும் கீழ இறங்கிடுச்சு. அவர் எழுந்திருக்கவே இல்ல, சரிஞ்சபடியே, “டேய், வீடு போகுதுடா”ன்னு கத்தினார். அடியில பார்த்தா பலகை ஈரப் பஞ்சு.

செங்கோட்டைச் சாரல்:
கூடலூர்க்காரரே, உங்க தளம் காத்துல மிதந்தது. அவர் கேக்கறது கான்கிரீட் மேல. ரெண்டும் ஒண்ணாகுமா? நான் ஹால்ல தேக்கு போட்டேன். சாரல் சீசன்ல ஒவ்வொரு பலகையும் நடு குழிஞ்சு ஓரம் தூக்கிடுச்சு. அடிப்பக்கம் ஈரம் குடிச்சா அப்படித்தான் ஆகும். “காயட்டும் சார், இப்ப இழைக்காதீங்க”ன்னார் ஆசாரி. நான் கேக்கல, மெஷின் வெச்சு மட்டம் பண்ணிட்டேன். தை மாசம் காஞ்சதும் ஓரம் இறங்கி நடு மேடாயிட்டு. இப்ப டம்ளர் வெச்சா ஆடுது.

அதனால சொல்றேன். லேமினேட் உள்ள இருக்கறது மரநாரைப் பசை சேர்த்து அழுத்தின பலகை. மேல் தாளு தாங்கும், வெட்டுன ஓரம் குடிக்கும். வீங்கினது காஞ்சாலும் பழைய அளவுக்கு வராது. மரம் ஓரளவு திரும்பும், அதுக்கும் அகலவாட்டில நகர இடம் வேணும். சுவரோரம் 10 எம்.எம். விட்டு, ஸ்கர்டிங், அதான் சுவரடிப் பட்டை, போட்டு மறைக்கணும். எதைப் போட்டாலும் முதல்ல ஒரு பாலித்தீன் தாளைத் தரையில நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்தா கான்கிரீட்ல ஈரம் இருக்கு. பாத்ரூம் உள்ள டைல்தான், பேச்சே வேண்டாம். வாசல்ல அரை இஞ்சு உயரத்துக்குக் கிரானைட் படி. பலகை மாதிரி பார்வைதான் வேணும்னா எஸ்பிசி பலகை இருக்கு. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் சேர்ந்தது, ஊறாது. ஆனா அடியில தண்ணி நின்னா அதுக்குக் கீழயும் பூசணம் பிடிக்கும். கறையான் அரிக்கிற வீடுன்னா மரத்துக்கு மருந்து அடிக்காம…

தக்கலை:
அவர் கேட்டது ஒரு கேள்வி, நீங்க வீடே கட்டிட்டீங்க. எல்லாரும் ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வாங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள விடுவாங்க, அந்தக் கறுப்புத் தரை காலுக்குத் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைன்னு சொல்லுவாங்க. முகம் தெரியும் அதுல. நான் வாடகை வீட்டு லேமினேட்டுல துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு துடைச்சு ஒன்பது மாசம் ஓட்டினவ. காலி பண்ற அன்னைக்கு பீரோவை நகர்த்தினா அடியில பீரோ அளவுக்கே பச்சைக் கட்டம். அட்வான்ஸ்ல பாதி போச்சு.

மார்த்தாண்டம் பக்கம்:
செங்கோட்டை அண்ணாச்சி, தக்கலைக்காரங்க உங்களைத் திட்டினாலும் நீங்க சொன்னபடி பாலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். மொத்த லேமினேட்டையும் பெயர்த்துட்டு மூணு இடத்துல. ஜன்னலோரம் காஞ்சு கிடக்கு, நடுவுலயும் அப்படியே. பாத்ரூம் சுவரோரம் மட்டும் உள்ள முத்து முத்தா வேர்த்திருக்கு. மழை நின்னு நாலு நாளாச்சு. அப்போ இவ்வளவு நாள் மழையை ஏசினது வீண். பிளம்பர் ஞாயிறு வரேன்னிருக்கார். அது வரைக்கும் அம்மா அங்க சாக்கை விரிச்சிருக்கா.