உதவி: மாநாட்டுத் தளம் என் பிடிஎஃப்-ஐ ஏற்க மறுக்கிறது (எழுத்துருப் பிழை)

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கட்டுரை அனுப்ப நாளைதான் கடைசி நாள். கோப்பை ஏற்றினால் 'சில எழுத்துருக்கள் உட்பொதிக்கப்படவில்லை, டைப் 3 எழுத்துருவும் உள்ளது' என்று சொல்லித் தளம் திருப்பிவிடுகிறது. மாநாடு கொடுத்த லேடெக் (கட்டுரையை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருள்) டெம்ப்ளேட்தான். எழுத்துருவில் நான் கையே வைக்கவில்லை. லேடெக்கை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. என் கணினியில் திறந்தால் ஒரு குறையும் தெரியவில்லை. வரைபடங்களில் பாதி மேட்பிளாட்லிப்பில் (பைத்தானின் வரைபட நூலகம்) போட்டவை, மீதி ஆர் மொழியில். எங்கே தேடுவது?

பதில் 1:
பிடிஎஃப்-ஐத் திறந்து, 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து இன்னொரு பிரதி எடுத்து ஏற்றிப் பாருங்கள்.

பதில் 2:
வேண்டாம். டைப் 3 (எழுத்து வடிவங்களை வரைகட்டளைகளாக வைக்கும் எழுத்துரு வகை) பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், கூடவே உள்ளிணைப்புகளும் போய்விடும்.

டெம்ப்ளேட்டை விடுங்கள், வரைபடங்களைப் பாருங்கள். பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித் தொகுப்பில் 'பிடிஎஃப்ஃபாண்ட்ஸ்' என்றொரு சின்னக் கட்டளை உண்டு. அதைக் கட்டுரையின் மேல் ஓட்டினால் எழுத்துருப் பட்டியல் மொத்தமாகக் கொட்டும், எது எந்தப் படத்திலிருந்து வந்தது என்று புரியாது. ஒவ்வொரு படக் கோப்பின் மேலும் தனித்தனியாக ஓட்டுங்கள். எழுத்துருவின் வகை ஒரு நெடுவரிசையில் இருக்கும், உட்பொதிந்திருக்கிறதா (கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறதா) என்பது இன்னொன்றில்.

மேட்பிளாட்லிப் பிடிஎஃப் எழுதும்போது இயல்பாகவே டைப் 3 தான் போடும். அமைப்புகளில் 'பிடிஎஃப்.ஃபாண்ட்டைப்' மதிப்பை 42 ஆக்கிவிட்டுப் படங்களை மறுபடி சேமியுங்கள். 42 என்றால் ட்ரூடைப் என்ற வேறு எழுத்துரு வகை. ஆர்-இன் கதை வேறு. அதன் வழக்கமான பிடிஎஃப் கட்டளை, ஹெல்வெட்டிகா எழுத்துரு எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பி அதை உட்பொதிக்காமல் விட்டுவிடும். உங்கள் திரையில் சரியாகத் தெரிவதும் இதனால்தான்: பார்க்கும் மென்பொருள் தன்னிடமுள்ள ஒத்த எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கிறது. எழுத்துருவை உட்பொதிக்கும் ஆர்-இன் இன்னொரு கட்டளையான கெய்ரோ பிடிஎஃப் வழியாகச் சேமித்தால் தீரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! இரண்டு வகையும் சரியாகிவிட்டன. ஆனால் ஒரே ஒரு படம் நெறியாளர் கொடுத்தது. பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது, மூலக் கோப்பு அவரிடமும் இல்லையாம்.

பதில் 3:
எல்லா ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு படம் இருக்கும் :) இங்க்ஸ்கேப்பில் (படம் வரையும் மென்பொருள்) திறந்து, எழுத்துகளைத் தேர்ந்து பாதையாக மாற்றிச் சேமியுங்கள். எழுத்தெல்லாம் வெறும் கோடாகிவிடும். எழுத்துருவே இல்லையென்றால் எழுத்துருப் பிழை வரவும் வழியில்லை. திறக்கும்போதே வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்திருக்கலாம், எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

பதில் 2:
டபுள் பிளைண்ட் (எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவரையொருவர் அறியாத) மாநாடு என்றால் இன்னொன்று. முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. அதே பாப்ளரில் உள்ள 'பிடிஎஃப்இன்ஃபோ' ஓட்டி, கோப்பு விவரங்களில் ஆசிரியர் புலம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹைப்பர்ரெஃப் (லேடெக்கில் இணைப்புகளைச் சேர்க்கும் தொகுப்பு) அமைப்பில் யாராவது பெயரைக் கொடுத்திருந்தால் அங்கே தெரியும். நன்றியுரையையும் சொந்தப் பெயரில் உள்ள கிட்ஹப் இணைப்பையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஏற்றுக்கொண்டது! ஆசிரியர் புலத்தில் என் பெயர் இருக்கத்தான் செய்தது, எடுத்துவிட்டேன். அனுப்பக் கடைசி நேரம் குறித்த இடத்தில் 'ஏஓஇ' என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன கணக்கு?

பதில் 3:
'எனிவேர் ஆன் எர்த்' என்பதன் சுருக்கம். உலகில் எங்காவது அந்தத் தேதி மீதமிருக்கும்வரை அனுப்பலாம் என்ற கணக்கு. உலகப் பொது நேரமான யூடிசி-யிலிருந்து 12 மணி நேரம் பின்தங்கிய நேரம், அதாவது மறுநாள் யூடிசி நண்பகல் 12 வரை. கோப்பை அதுவரை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான தளங்கள் விடும். இருக்கும் பிரதி அங்கேயே இருக்கட்டும், திருத்தம் இருந்தால் அதன் மேல் ஏற்றுங்கள்.